ஒரு கோடி கிம்: எல்லாரும் சொந்தக்காரங்களா?

பிடிஎஸ் கேட்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஆர்எம், ஜின், வி மூணு பேர் குடும்பப் பெயரும் கிம். அண்ணன் தம்பியா? இல்லை.

தென் கொரியாவில ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தர் கிம். 2015 கணக்கெடுப்பின்படி ஒரு கோடிக்கும் மேல. 2010 ஒலிம்பிக்ஸ்ல ஃபிகர் ஸ்கேட்டிங் தங்கம் ஜெயிச்ச கிம் யூனா, அதிபரா இருந்த கிம் யங்-சாம், அவருக்கு அடுத்து வந்த கிம் டே-ஜங். 2000-ல ரெண்டு கொரியத் தலைவர்களும் முதல்முறையா சந்திச்சாங்க. தெற்கிலிருந்து கிம் டே-ஜங், வடக்கில் கிம் ஜாங்-இல். அங்கேயும் ரெண்டு கிம்தான், சொந்தம் கிடையாது.

அப்போ யாருக்கு யார் சொந்தம்? அதுக்கு 'போன்குவான்'னு ஒண்ணு இருக்கு. வம்சம் தொடங்கின ஊர். கிம்ஹே ஊர் கிம், கியோங்ஜு ஊர் கிம்னு பிரிப்பாங்க. நம்ம ஊர்ல கோத்திரம் பார்க்கிற மாதிரி. பெயரும் ஊரும் ஒண்ணுன்னா ஒரே வம்சம், கல்யாணம் பண்ணக் கூடாது. இது வெறும் வழக்கம் இல்லை, தென் கொரியாவோட சிவில் சட்டத்திலேயே இருந்தது.

கிம்ஹே கிம் மட்டுமே 40 லட்சத்துக்கும் மேல. ஆபீஸ்ல பழகி, காதலிச்சு, அப்புறம் போன்குவான் ஒண்ணுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். கல்யாணத்தைப் பதிவு பண்ண முடியாது. 1978, 1988, 1996னு மூணு தடவை, ஒவ்வொரு வருஷம் மட்டும் அரசு விலக்கு கொடுத்தது. ஒளிஞ்சு வாழ்ந்த ஜோடிகள் அப்பதான் பதிவு பண்ணாங்க.

இதுல கொடுமை என்னன்னா, அந்த ரத்த சொந்தமே பல பேருக்குக் காகிதத்துல மட்டும்தான். ஜோசன் அரசர்கள் காலத்துல சாதாரண மக்கள் நிறைய பேருக்குக் குடும்பப் பெயரே இல்லை. காசு கொடுத்து வம்சாவளிப் புத்தகத்துல இடம் வாங்கினவங்க உண்டு. 1909-ல எல்லாரும் பெயர் பதியணும்னு சட்டம் வந்தப்போ, பல பேர் மதிப்பான பெயரா எடுத்துக்கிட்டாங்க. அரச வம்சப் பெயரான கிம் பெருகினது இப்படித்தான். டேட்டாபேஸ் பாஷையில சொன்னா, தப்பான காலமை வெச்சு ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணின கதை.

1997-ல அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாதுன்னு சொன்னது. 2005-ல சட்டமே மாறிச்சு. இப்போ பார்க்கிறது நெருங்கின சொந்தமா இல்லையான்னு மட்டும்தான்.

அடுத்த தடவை ரெண்டு கிம்மை ஒண்ணாப் பார்த்தா, சொந்தமான்னு தேட வேண்டாம். தாத்தாவுக்குத் தாத்தா எடுத்த ஒரு முடிவால, முன்பின் தெரியாத ரெண்டு பேர் சேர முடியாமப் போன காலத்தை நினைச்சுக்கோங்க.