வண்டியூர் வீட்டுத் தோட்டங்களில் வெள்ளைப்பூண்டு

வெள்ளைப்பூண்டு தமிழர் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் பொருளாகும். ரசம், குழம்பு, ஊறுகாய், பிள்ளை பெற்ற தாய்மார்க்கு ஆக்கிக் கொடுக்கும் பத்தியம் ஆகிய யாவற்றிற்கும் அது வேண்டப்படுகிறது. ஆயினும் மதுரைச் சமவெளியில் அது பயிராவது அரிது. கடைகளில் விற்பதில் ஒரு பகுதி கொடைக்கானல் மலையிலிருந்தும், பெரும்பகுதி மத்தியப் பிரதேசம் முதலிய வட மாநிலங்களிலிருந்தும் வருகிறது. 2024-ஆம் ஆண்டில் சில்லறை விலை கிலோ 400 ரூபாயையும் தாண்டியது. விலை இவ்வாறு ஏறுந்தோறும், வண்டியூரிலும் சுற்றுப்புறத்திலும் நிலமுடையோர்க்கு இதனைத் தாமே பயிரிட்டால் என்ன என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பே. எது கைகூடும், எது கைகூடாது என்பதை விதை வாங்குமுன் அறிந்து கொள்ளல் அவசியம்.

சீதோஷ்ண நிலை

பூண்டு குளிர்ச்சியை நாடும் பயிர். இளம் பருவத்தில் சில வாரங்களேனும் அது நல்ல குளிரைப் பெறுதல் வேண்டும். அதன் பின்னர்ப் பகற்பொழுது நீண்டு, உஷ்ணம் மெல்ல உயரும்போது, இலைகளின் அடியிலுள்ள மொட்டுகள் பருத்துப் பற்களாகின்றன. கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்கள் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ளன. அங்கு இப்பயிர் செழித்து வளர்வதன் காரணம் இதுவே. அம்மலைப் பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மலையடிவாரத்தில், பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தை பூண்டு வியாபாரத்திற்குப் பெயர் பெற்றது. வட மாநிலங்களில் சமவெளியேயாயினும் மாரிக்காலத்துக் குளிர் கடுமையானது. ஆதலின் அங்கும் பூண்டு நன்கு விளைகிறது.

வண்டியூரின் நிலை வேறு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 அடி உயரத்திலுள்ள இப்பகுதியில் மார்கழி இரவிலும் உஷ்ணம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மாசி பிறந்ததும் வெயில் விரைந்து ஏறுகிறது. குளிர் போதாத இடத்தில் பூண்டு தாள் விட்டுச் செழிப்பாகத் தோன்றினும், கீழே கிழங்கு பிரிவதில்லை. சின்ன வெங்காயம் போன்ற ஒற்றைப் பல்லாகவே நின்றுவிடும். மண்ணின் வளமோ எருவின் மிகுதியோ இக்குறையை நீக்க மாட்டா.

விதை

பூண்டிற்குப் பல்லே விதை. அறுவடையாகி இரண்டு மூன்று மாதங்கள் சென்ற, கெட்டியான, நோயற்ற பூண்டைத் தேர்ந்து, அதன் வெளிப்புறத்துப் பெரிய பற்களையே நடுதல் வேண்டும். மலைப் பூண்டு ஒரு பங்கும் வட நாட்டுப் பூண்டு ஒரு பங்கும் நட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இயற்கையில் கிட்டாத குளிரை ஓரளவு செயற்கையாகத் தரலாம். உடைக்காத முழுப் பூண்டைக் காகிதப் பையிலிட்டு, புரட்டாசி நடுவில் வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வைத்திருத்தல் வேண்டும். உறைபனி அறையில் வைத்தல் ஆகாது. வெளியே எடுத்தவுடன் பற்களைப் பிரித்துத் தாமதமின்றி நட்டுவிட வேண்டும்.

நிலமும் நடவும்

வடிகால் வசதியுள்ள செம்மண் கலந்த பொலபொலப்பான நிலமும், வைகைக் கரையின் வண்டல் மண்ணும் இதற்கு ஏற்றவை. களிமண்ணில் கிழங்கு பருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுமாதலால், பாத்தியை அரையடி உயர்த்தி அமைத்தல் அவசியம். நீர் தேங்கினால் பல் அழுகிவிடும். நன்கு மக்கிய தொழுவுரத்துடன் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் கலந்து கொத்திவிடுதல் வேண்டும். பச்சைச் சாணம் இடலாகாது.

கார்த்திகை முதல் வாரம் நடவுக்குத் தக்க தருணம். வரிசைக்கு வரிசை 6 அங்குலமும், பல்லுக்குப் பல் 4 அங்குலமும் இடைவெளி விட்டு, கூர்முனை மேல்நோக்க, ஓரங்குல ஆழத்தில் ஊன்றுக. 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்திக்குச் சுமார் 240 பற்கள் வேண்டும். நட்டபின் வைக்கோலை மெல்லியதாகப் பரப்பினால் மண் குளிர்ச்சியாயிருக்கும்.

பராமரிப்பு

வேர் ஆழம் செல்லாதாகையால், மழை நின்றபின் மண்ணின் ஈரம் பார்த்து அடிக்கடி சிறிது சிறிதாக நீர் விடுதல் வேண்டும். களையைக் கையால் பிடுங்குவதே நலம். வறண்ட நாட்களில் இலைப்பேன் தாளைச் சுரண்டி வெளிறச் செய்யும். வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்து அதனைக் கட்டுப்படுத்தலாம். ஊதா நிறப் புள்ளி கண்ட இலைகளை அவ்வப்போது கிள்ளி அப்புறப்படுத்துக.

பலன்

சமவெளித் தோட்டத்தில் உறுதியாகக் கிடைக்கும் பலன் பூண்டுத் தாளே. நட்ட ஐந்தாறு வாரங்களில் பாத்தியின் ஒரு பாதியில் தாளைக் கிள்ளித் துவையலுக்கும் ரசத்திற்கும் பயன்படுத்தலாம். மறுபாதியில் கை வையாது கிழங்கிற்கு விடுதல் வேண்டும். மாசி இறுதியில் தாள் பழுத்துச் சாயத் தொடங்கும். பறிப்பதற்கு இரண்டு வாரம் முன்னரே நீரை நிறுத்தி, பறித்தபின் தாளோடு நிழலிற் பரப்பி உலர்த்துக. கிழங்கு சிறிதாயிருக்கும், சில ஒற்றைப் பல்லாகவும் இருக்கும். இரண்டும் சமையலுக்கு உதவும்.

ஏக்கர்க் கணக்கில் நடலாமா?

ஆகாது. ஓர் ஏக்கருக்கு 200 கிலோவுக்குக் குறையாத விதை வேண்டும். கிலோ 300 ரூபாய் என வைத்துக் கொண்டாலும், விதைக்கு மட்டும் 60,000 ரூபாய் செல்லும். கிழங்கு பிரியாமற் போனால் அம்முதல் முழுவதும் நஷ்டமே. உழவு, எரு, கூலி ஆகியவை தனி. விற்பனைக்குப் பயிரிட விரும்புவோர்க்கு இச்சமவெளியில் சின்ன வெங்காயமே தக்கது. எழுபது நாட்களையொட்டி முதிரும் அப்பயிர் இங்குள்ள உஷ்ணத்தைத் தாங்கி விளைவது. திண்டுக்கல்லில் அதற்குப் பெரிய சந்தையும் உண்டு.

பூண்டு விலை ஏறிய ஆண்டில், விதை வாங்கக் கடன் தேடுவோர் கிராம அதிகாரிகளிடமும் யோசனை கேட்பர். அவர்கட்கு உரைக்கத் தக்க விடை ஒன்றே: முதலில் ஒரே ஒரு பாத்தி நடுக, நட்டது எத்தனை பல், பறித்தது எத்தனை கிலோ எனக் கணக்கு எழுதி வைத்துப் பார்க்க. ஒரு பாத்தியில் தோற்றால் போவது ஒரு கூடைப் பூண்டு. ஓர் ஏக்கரில் தோற்றால் போவது அவ்வாண்டின் வருமானம்.