எச்.ஐ.வி. நீடித்த சிகிச்சையில் நிலைத்தலை அளவிடுதல்: மீஞ்சூர் வட்டாரத்தை முன்வைத்து

எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் நீள்வது. ஆகவே ஒரு மையத்தில் எத்தனை பேர் சிகிச்சையைத் தொடங்கினர் என்பதைவிட, அவர்களுள் எத்தனை பேர் அதில் நிலைத்துள்ளனர் என்பதே அம்மையத்தின் பயனைக் காட்டும். இந்நிலைத்தலை அளப்பதில் உள்ள சிக்கல்களை மீஞ்சூர் வட்டாரத்தின் வாழ்நிலையோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. நடுவணரசின் இலவசச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று 8 அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்றாக இருந்தது. மீஞ்சூரிலிருந்து அங்குச் செல்பவர் கும்மிடிப்பூண்டித் தடத்துப் புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, சாலையைக் கடந்து, பூங்கா நிலையத்தில் வேறு ரயில் ஏற வேண்டும். தினக்கூலித் தொழிலாளிக்கு அன்றைய ஊதியம் இல்லை என்றே பொருள். பின்னர் ஏ.ஆர்.டி. மையங்கள் பெருகின, உடல்நிலை சீரடைந்தோர் வீட்டருகே மருந்து பெற இணைப்பு மையங்களும் வந்தன. பயணம் குறைந்தது, மையம் மாறுவோர் பெருகினர்.

வகுக்கும் எண்

ஒரே காலத்தில் சிகிச்சை தொடங்கியோரைக் குழுவாகக் கொண்டு, 12 மாத முடிவில் உயிருடன் சிகிச்சையில் இருப்போரின் விழுக்காட்டைக் காண்பது வழக்கமான முறை. எடுத்துக்காட்டுக்காக 100 பேர் கொண்ட ஒரு கற்பனைக் குழுவைக் கொள்ளலாம். ஆண்டிறுதியில் 72 பேர் மையத்தில் உள்ளனர். 8 பேர் முறைப்படி வேறு மையம் மாறினர். 6 பேர் இறந்தனர். 2 பேர் மருந்தை நிறுத்தினர். 12 பேரிடம் தொடர்பு இல்லை. 100ஆல் வகுத்தால் நிலைத்தல் 72 விழுக்காடு. மாறியோரை நீக்கி 92ஆல் வகுத்தால் 78. இறந்தோரையும் நீக்கினால் ஏறத்தாழ 84. மனிதர்கள் அவர்களே, மாறியது வகுக்கும் எண் மட்டுமே. இறந்தோரை நீக்கிக் கணக்கிடுவது மையத்தின் தோல்வியையே கணக்கிலிருந்து அகற்றிவிடுகிறது, அதனை ஏற்பதற்கில்லை.

இனி அந்த 12 பேர். அவர்களுள் 5 பேர் எவரிடமும் சொல்லாமல் வேறு மையத்தில் மருந்து பெறுகின்றனர், 4 பேர் இறந்துவிட்டனர், 3 பேர் மருந்தின்றி உள்ளனர் எனக் கொள்வோம். மாறிச் சென்ற எண்மரும் சிகிச்சையில் தொடர்ந்தால், உண்மையில் நிலைத்தோர் 85 பேர். இறந்தோர் 6 அல்லர், 10 பேர். பதிவேடு நிலைத்தலையும் இறப்பையும் ஒருசேரக் குறைத்துக் காட்டியுள்ளது. இது வெறும் கணக்கு விளையாட்டன்று. வளங்குன்றிய நாடுகளில் தொடர்பற்றோரைத் தேடிக் கண்டறிந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான பகுப்பாய்வு, நிலை கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இறந்திருந்ததைக் காட்டியது.

தொடர்பற்றவர் யார்?

வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவை சூழ்ந்த இவ்வட்டாரத்தில் ஒப்பந்தத் தொழிலாளரும் சரக்குந்து ஓட்டுநரும் மிகுதி. ஒப்பந்தம் முடிந்தால் வாடகை வீடும் மாறும். அலைபேசி எண்ணும் மாறக்கூடும். ஓட்டுநர் ஒருவர் ஓராண்டில் இருமுறை, முறைக்கு 60 நாள் மருந்தின்றி இருந்து திரும்புகிறார் எனில், 90 நாள் வரையறையில் அவர் ஒருபோதும் தொடர்பற்றவர் ஆகார். வரவேண்டிய நாளிலிருந்து 28 நாள் எனும் பிந்தைய வரையறையில் இருமுறை விடுபட்டு, இருமுறை மீண்டவர் ஆகிறார். 12 மாதக் கணக்கிலோ அவர் நிலைத்தவரே. ஆனால் மருந்து கைவசமிருந்த நாள்கள் 365இல் 245 மட்டும். அதாவது 67 விழுக்காடு.

பல மாத மருந்தை ஒருசேர வழங்கும் முறை கோவிட் காலத்தில் பரவலானபின், கடைசியாக வந்த நாளிலிருந்து எண்ணுவது பொருந்தாது. மூன்று மாத மருந்து பெற்றவரை அவ்வாறு எண்ணினால், ஒழுங்காக உட்கொள்பவரும் விடுபட்டவராகத் தோன்றுவார். அடுத்து வரவேண்டிய நாளைப் பதிவேட்டில் சரியாகக் குறிப்பதிலேயே முழு அளவீடும் தங்கியுள்ளது.

குருதியில் வைரசு அளவு 1000 படிகளுக்குக் கீழ் உள்ளோரின் விழுக்காடும் இதற்கு மாற்றாகாது. சோதனைக்கு வந்தோரை மட்டுமே அது அளக்கிறது, வராதோர் அதில் இல்லை.

தொடர்பற்றோர் அனைவரையும் தேடுவது இயலாதபோது, அவர்களுள் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிந்து, முழு முயற்சியுடன் தேடி, அம்முடிவை எஞ்சியோருக்கும் பொருத்துவது நம்பத்தக்க வழி. 120 பேரில் 30 பேரைத் தேடினால் கண்டறியப்படும் ஒவ்வொருவரும் நால்வருக்கு ஈடாவர். மீஞ்சூர் போன்ற சிற்றூரில், அறிமுகமற்ற ஒருவர் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லி விசாரிப்பதே அண்டை வீட்டாருக்குச் செய்தியாகிவிடும். இவ்வச்சத்தாலேயே பொய் முகவரி தருவோரும் உண்டு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, தொற்று நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. எனவே தேடுவதற்கான ஒப்புதலையும், எவ்வழியில் யாரிடம் தொடர்புகொள்ளலாம் என்பதையும் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கேட்டுப் பதிந்து, ஒவ்வொரு வருகையிலும் புதுப்பித்தல் வேண்டும்.