தன் சதையையே சமைத்துக் கொடுத்த காதலன்... ‘ஆமிஸ்’ பார்த்தா அருவருப்பைத் தாண்டி மனசு ஏன் கனக்குது?

பேய் கிடையாது. பாழடைஞ்ச பங்களா கிடையாது. திடீர்னு கதவு அடிக்கிற சத்தமும் கிடையாது. ஆனாலும் 2019-ல் வெளியான ‘ஆமிஸ்’ என்ற அசாமியப் படத்தைப் பார்த்துட்டு உடனே சாப்பிட உட்காருவது கஷ்டம். ‘ஆமிஸ்’ என்றால் இறைச்சி. இயக்கியவர் பாஸ்கர் ஹஸாரிகா.

(எச்சரிக்கை: கீழே முழுக் கதையும் இருக்கு.)

கதை என்ன?

குவாஹாட்டியில் வசிக்கும் குழந்தைகள் நல மருத்துவர் நிர்மாலி (லிமா தாஸ்). கணவரும் மருத்துவர்தான்; பெரும்பாலும் வெளியூர் முகாம்களில் இருப்பார். வடகிழக்கு மாநில மக்களின் இறைச்சி உணவுப் பழக்கம் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவர் சுமன் (அர்கதீப் பருவா) அவருக்குப் பழக்கமாகிறார். நிர்மாலி இதுவரை ருசிக்காத இறைச்சி வகைகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்து தருகிறார். காதல் வந்துடுது. ஆனா ரெண்டு பேரும் அதைச் சொல்லிக்கறதில்ல, விரல்கூட தொட்டுக்கறதில்ல.

தொட முடியாதவன் என்ன செய்வான்? கால்நடை மருத்துவரான நண்பரின் உதவியோடு தன் உடம்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, சமைத்து, அவளுக்கே கொடுக்கிறான். அவளுக்கு முதலில் தெரியாது. தெரிஞ்ச பிறகு அதிர்ச்சி. ஆனா நாக்கு அந்த ருசியை விடமாட்டேங்குது.

படத்தின் சாமர்த்தியம் இங்கேதான். முதல் பாதி முழுக்க நமக்குக் காட்டப்படுவது கூச்சம், சிரிப்பு, காத்திருப்பு. அந்த ரெண்டு பேரையும் நமக்குப் பிடிச்சுப்போகுது. அதுக்கப்புறம் வர்ற கொடூரத்தில் நாமும் மாட்டிக்கிறோம். ஸ்ரீரங்கத்தில் முட்டைகூட தொடாத என் தோழி ஒருத்தி இதைப் பார்த்துட்டு, “ரத்தம் வந்தப்போகூட தாங்கிக்கிட்டேன்டி, அவ ஆசையா வாயில வைக்கிறப்பதான் கண்ண மூடிக்கிட்டேன்”னு சொன்னா.

உறையூர்க்காரங்களுக்குப் புதுசில்ல!

சதையை அறுத்துக் கொடுக்கிற கதை நமக்குப் பழக்கமானதுதான். புறாவைக் காப்பாற்ற, பருந்துக்குத் தன் தசையை அரிந்து எடைக்கு எடை கொடுத்த சிபி சக்கரவர்த்தி ஞாபகம் இருக்கா? அவர் வழி வந்தவர்கள் என்றுதான் புறநானூறு சோழர்களைப் புகழ்கிறது. ‘செம்பியன்’ என்ற பட்டமும் அந்த வழியில் வந்ததுதான். அந்தச் சோழர்களின் பழைய தலைநகரம் நம்ம திருச்சி உறையூர்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். சிபி கொடுத்த சதை ஒரு உயிரைக் காப்பாத்துச்சு. சுமன் கொடுத்தது ஒரு பசியைக் கிளப்பிவிட்டுச்சு. அவன் உடம்பு போதாமப் போனதும், அந்தப் பசி சம்பந்தமே இல்லாத ஒரு ரிக்‌ஷா தொழிலாளியைக் கொல்ற அளவுக்குப் போகுது. ‘காதல் எதையும் செய்யும்’னு படம் பார்த்துட்டுச் சிலாகிக்கிறவங்க அந்த மனுஷனை மறந்துடுறாங்கன்னு தோணுது.

தமிழில் இப்படி வந்திருக்கா?

இந்த அளவுக்கு இல்ல. பக்கத்தில் வர்றது மிஷ்கினின் ‘பிசாசு’ (2014). இறந்த மகளின் உடலைப் பனிக்கட்டியில் பாதுகாக்கும் அப்பாவாக ராதாரவி, தன் சாவுக்குக் காரணமானவனையே காப்பாற்றும் பேய்... பயத்தைவிட பாசம்தான் அதிகம்.

‘ஆமிஸ்’ முடிவு அதைவிடக் கடினமானது. போலீஸ் பிடித்த பிறகு, ஊடகங்கள் முன்னால் முகத்தை மூடி நிறுத்துகிறார்கள். அங்கேதான் ரெண்டு பேரும் முதல்முறையா கையைப் பிடிச்சுக்கிறாங்க.