தேயும் உடலைக் கவனிப்போம்



நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவரை நலம் விசாரிக்கச் செல்லும்போது, "உணவைக் குறைத்தால் கட்டி பட்டினியால் அழிந்துவிடும்" என்று நம்மில் சிலர் அறிவுரை கூறுகின்றனர். வேறு சிலரோ, "வீட்டார் சரியாக உணவளிக்கவில்லை" என்று குறை கூறுகின்றனர். இவ்விரண்டும் தவறானவை.

இந்நோயில் உடல் மெலிவது உணவுக் குறைவால் மட்டுமன்று. கட்டியின் விளைவாக உடலில் பெருகும் அழற்சிப் பொருட்கள் பசியை அடக்குகின்றன, தசையையும் கரைக்கின்றன. எனவே உணவைக் குறைத்தால் கரைவது தசையே தவிர, கட்டியன்று. அதே காரணத்தால், வற்புறுத்தி ஊட்டுவதால் மட்டும் இழந்த தசை மீள்வதுமில்லை.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 3,047 புற்றுநோயாளிகளை ஆராய்ந்தது. அவர்களில் நுரையீரல் புற்றுநோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர், சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய 6 மாதங்களிலேயே எடை இழந்திருந்தனர். எடை இழந்தோர் பொதுவாகக் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தனர் என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

எனில், நன்றாக உண்டால் நோய் நீங்கிவிடுமா? நீங்காது. எடைக் குறைவு நோய் முற்றியதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஆயினும், வலுவிழந்த உடல் மருந்தின் வீரியத்தைத் தாங்குவது கடினம். சிகிச்சையைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடலாம். நாம் அஞ்ச வேண்டியது இதையே.

ஆகவே வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் 6 மாதங்களில் 3 கிலோவுக்கு மேல் இழந்தால், அதாவது 5 விழுக்காட்டைக் கடந்தால், உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். பொதுவாக அவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 90 கிராம் வரை புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமே உள்ளது. முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டறிய வேண்டும்.

பசியின்மைக்கும் மருத்துவம் உண்டு. நுரையீரல் புற்றுநோயாளிகளும் இடம்பெற்ற புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் ஆய்வு 2023இல் வெளியானது. குறைந்த அளவில் தரப்பட்ட ஓலான்சபின் என்னும் மருந்து பலருக்குப் பசியையும் எடையையும் கூட்டியதை அது காட்டியது. இதனை மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது.

சகோதரர்களே! உண்ண இயலாதவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஊட்டும் கைகளைப் பழிக்காதீர்கள். அடுத்த முறை நலம் விசாரிக்கச் செல்லும்போது, "எடை பார்த்தீர்களா? மருத்துவரிடம் கூறினீர்களா?" என்று அன்புடன் கேளுங்கள்.