விரைந்து வாசித்தல்

கற்றற்குரிய நூல்கள் நாடோறும் பெருகுகின்றன. ஒரு நாளுக்குரிய நாழிகையோ அன்றும் அறுபது, இன்றும் அறுபதே. பரீட்சைக்குரிய பாடநூல், அதற்குத் துணையாகும் நூல்கள், செய்தித்தாள், கணினித் திரையில் வந்து குவியும் எழுத்து ஆகிய அனைத்தையும் ஒரே நடையில் வாசிக்கப் புகும் மாணவன் பாதி வழியில் அயர்ந்துவிடுகின்றான். ஆதலின், விரைந்து வாசிக்கும் ஆற்றல் பயிற்சியாற் பெறத்தக்கதா, அதன் எல்லை யாது, பெறும் வழி எவை என்பனவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

வாசிக்கும்போது நம் கண் வரியின்மீது நீரோட்டம் போல இடையறாது செல்கின்றதெனவே பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. பிரான்சு நாட்டுக் கண் மருத்துவரான எமில் சவால் என்பாரின் ஆய்வுகள், 1879ஆம் ஆண்டளவில், கண் தத்தித் தத்தியே செல்கின்றதென்பதை வெளிப்படுத்தின. ஒரு சொல்லில் ஏறக்குறையக் காற் செக்கன் தங்கி, ஏழெட்டு எழுத்துக்களைத் தாண்டி அடுத்த இடத்திற் கண் விழுகின்றது. தங்கும்போதன்றித் தாவும்போது அஃது எழுத்தை அறிவதில்லை. இதனைக் காண விரும்புவோர், அச்சிட்ட தாளொன்றின் நடுவே சிறு துளையிட்டு, தோழனொருவனை அதனை வாசிக்கச் செய்து, பின்புறமிருந்து அவன் கண்ணை நோக்குவாராக.

இனி, கூர்ந்த பார்வைக்குரிய பரப்பு மிகச் சிறிது. கையை முழுதும் நீட்டிப் பெருவிரலை நிறுத்தினால், அதன் நகம் மறைக்கும் அகலமே அப்பரப்பின் அளவாகும். ஆங்கிலம் வாசிப்போர் ஒரு நோக்கில், நோக்கிய இடத்திற்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்துக்களிலிருந்தும், வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துக்களிலிருந்துமே பயன் பெறுகின்றனரென்பது ஆய்வாற் றெளிந்த முடிபு. சொல்லை ஐயமற அறியத்தக்க எல்லை அதனினுங் குறுகியது.

இவ்வளவைகளைக் கொண்டு ஒரு கணக்குச் செய்யலாம். தங்குதலுந் தாவுதலுஞ் சேர்த்து ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 210 நோக்குகள் நிகழும். சிற்சில நோக்குகள் வாசித்த இடத்துக்கே மீள்வன. சிறு சொற்கள் பல நோக்கப்படாமலே உணரப்படுவன. இரண்டையுங் கூட்டிக் கழித்தால், நிமிடத்துக்கு 250 சொல்லளவு கிடைக்கும். பெல்சிய நாட்டு உளநூலாரான மார்க் பிரைசுபேட்டு 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கிலங் கற்ற முதியோர் பொதுநூலை நிமிடத்துக்கு 238 சொல்லும், புனைகதையை 260 சொல்லும் வாசிக்கின்றனரெனக் கண்டமை இதனோடு பொருந்துகின்றது.

அங்ஙனமாயின், நிமிடத்துக்கு ஆயிரம் இரண்டாயிரஞ் சொற்கள் வாசிக்கலாமென்று சொல்வோர் கூற்று எத்தகையது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆசிரியையான ஈவ்லின் வூட்டு 1959இல் இத்தகைய பயிற்சி நிலையமொன்றைத் தொடங்கினார். சனாதிபதி கென்னடி நிமிடத்துக்கு 1,200 சொற்கள் வாசிப்பவரென்ற பேச்சும் அக்காலத்துப் பரவியது. ஆயின், நிமிடத்துக்கு ஆயிரஞ் சொல் வாசிக்க வேண்டின், ஒவ்வொரு நோக்கிலும் ஏறக்குறைய ஐந்து சொற்களை அறிதல் வேண்டும். கண்ணின் அமைப்பு அதற்கு இடந்தாராது. கீத் இரெயினர் முதலிய ஐவர் எழுதி 2016இல் வெளிவந்த ஆய்வுரையும், அத்தகைய பெருவேகம் விளக்கத்தை விலையாகக் கொடுத்தே பெறப்படுவதென முடிவு கூறிற்று. அவ்வேகத்தில் நிகழ்வது வாசிப்பன்று, மேலோட்டமே.

இதனால், வாசிப்பின் வேகத்தை வளர்த்தல் இயலாதென்றோ வேண்டாவென்றோ கொள்ளற்க. எழுத்தெழுத்தாகத் தடுமாறி வாசிப்பவன் வாக்கியத்தின் இறுதியை அடையுமுன் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றான். மிக்க தாமதமும் பொருளைக் கெடுக்கும். இரண்டாம் மொழியிற் கற்பார்க்கு இவ்விடர் பெரிது. அவருட் பலர் தமக்கு அறிவு குறைவெனத் தாமே எண்ணிச் சோர்கின்றனர். குறைந்தது அறிவன்று, சொற்பழக்கமே. அதனை உணர்த்துதல் ஆசிரியர் கடமையாம்.

வேகத்தை வளர்க்கும் நெறிகளுள் முதலாவது, பல நூல்களை வாசித்துச் சொல்வளம் பெறுதல். அறிந்த சொல்லிற் கண் சிறிது நேரமே தங்கும். அறியாத சொல்லில் நெடிது தங்கும். இரண்டாவது, நூலினுட் புகுமுன் தலைப்பு, முகவுரை, பொருளடக்கம், பந்திகளின் முதல் வாக்கியம் என்பனவற்றை நோக்கி, நாம் தேடுவது யாதெனத் துணிதல். மூன்றாவது, உதடசைத்து வாசிக்கும் வழக்கத்தை விடுதல். வாயொலிக்கு வேண்டிய நேரம் கண்ணுக்கு வேண்டுவதில்லை. எனினும், உள்ளத்துள் எழும் ஒலியை முற்றாக அடக்க முயலுதல் வேண்டா. அது பொருளுணர்வுக்குத் துணையாவது. நான்காவது, கவனக்குறைவாற் பின்னோக்கிச் செல்லுதலைத் தவிர்த்தல். பொருள் விளங்காதவிடத்து மீளுதல் குற்றமன்று, இன்றியமையாததே.

ஐந்தாவது, அளந்து பயிலுதல். வரிக்கு எட்டுச் சொல்லும் பக்கத்துக்கு முப்பது வரியுமுள்ள நூலில் ஒரு பக்கம் 240 சொல்லாகும். அதனை இரண்டு நிமிடத்தில் வாசித்தவன் வேகம் 120. வாசித்தவுடன் நூலை மூடி, அதன் கருத்தை ஐந்து வரியில் எழுதுக. கருத்துச் சிதையாது வேகம் மிகுந்தால் அது வளர்ச்சி. சிதைந்தால் அவ்வேகம் பயனற்றது.

ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பிரான்சிசு இரொபின்சன் 1946இல், முன்னோட்டம், வினாவல், வாசித்தல், சொல்லிப் பார்த்தல், மீட்டல் என்னும் ஐந்துறுப்புக் கொண்ட கற்றல் முறையொன்றை வகுத்தார். கேட்டவற்றை நினைத்தலையும், உடன் பயில்வாரோடு வினாவி விடுத்தலையும் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் முன்னரே வற்புறுத்தினார். இருமுறை கேட்டான் நூலிற் பிழைபடானெனவும், மும்முறை கேட்டான் பிறர்க்கு உரைக்க வல்லனாவானெனவும் அவர் கூறியது, விரைவை மட்டுமே போற்றுவார் கருதத்தக்கது.

ஆங்கிலத்துக்குரிய எண்களை அப்படியே தமிழுக்குக் கொள்ளலும் ஆகாது. ‘வரமுடியாதவர்களுக்காகவும்’ என்னும் ஒரு தமிழ்ச்சொல்லின் பொருளைத் தர ஆங்கிலத்திற் பல சொற்கள் வேண்டும். பழைய ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியும் சொல்லிடைவெளியும் பெரும்பாலும் இலவாதலின், விரைந்து வாசித்தற்கு அவை இடந்தந்தில. தமிழ் உரைநடையிற் குறியீடுகளை இட்டு அச்சிட்ட முன்னோருள் ஆறுமுக நாவலர் ஒருவர். சொற்களைப் பொருள் விளங்கப் பிரித்தெழுதுவோர் வாசிப்போரின் காலத்தைக் காப்பவராவர்.

செய்தித்தாளை ஓட்டமாக வாசிக்கலாம். வரலாற்று நூலை நடையாக வாசிக்கலாம். கணித நிறுவலையும் திருக்குறளையும் நின்று நின்றே வாசித்தல் வேண்டும். எதனை எவ்வேகத்தில் வாசிப்பதென்னும் தெளிவே இக்கலையின் முடிந்த பயன். விரைந்து வாசித்து மிச்சப்படுத்திய பொழுதை, மெல்ல வாசிக்கத்தக்க நூல்களுக்கு மாணாக்கர் செலவிடுவாராக.