கடல்மேல் ஒரு கிலோமீட்டர் என்ன விலை?

விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்தே என் காலம் போனது. வீடு திண்டிவனத்தில். இரண்டுக்கும் நடுவே 37 கிலோமீட்டர். பாசஞ்சரில் 10 ரூபாய். ஓய்வுபெற்ற பிறகும் எங்கே போனாலும் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. போன வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோதும் அப்படித்தான்.

விழுப்புரத்தில் கிளம்பி, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகப் போகிற நெடுஞ்சாலை நாகப்பட்டினத்தில் கடலோரம் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல், ஏறக்குறைய 111 கிலோமீட்டர். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி ‘செரியபாணி’ கப்பல் இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியது. முதல் நாள் மட்டும் சலுகையாக 2,800 ரூபாய். அப்புறம் 6,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,170, ஆக 7,670. கிலோமீட்டருக்கு 69 ரூபாய்! பருவமழை வருகிறதென்று அந்த மாதமே கப்பலை நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது. நான் போனது அதில்தான். கட்டணம் முன்பைவிடக் குறைவு, ஆனாலும் ஆயிரக்கணக்கில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘போட் மெயில்’ பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கே மறுபடி ரயில் என்று கொழும்புவரை போகலாம். தண்டவாளம் முடிந்த இடத்தில் கப்பல் தண்டவாளமாக இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-ல் நின்றது.

சரி, நான் வெளிநாடு பார்க்கப் போனவன். வாழ்க்கையில் ஒருமுறை கொடுக்கிற காசு. வாரத்துக்கு ஒருமுறை படகேறியே ஆகவேண்டியவர்கள் கதை வேறு. அதைக் குறிகட்டுவான் துறைமுகத்தில் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கடலுக்குள் போட்ட சாலைகள் வழியாக பஸ் புங்குடுதீவுக்கு வந்து, இந்தத் துறைமுகத்தில் நின்றுவிடுகிறது. ஒரே துறையிலிருந்து இரண்டு தீவுகளுக்குப் படகு. நயினாதீவு கண்ணுக்கு எட்டுகிற தூரம். நாகபூசணி அம்மன் கோயிலுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பதால் படகும் போய்க்கொண்டே இருக்கிறது. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். ஒரு நாளைக்குச் சில படகுகள்தான். எண்பது பேர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் இஞ்சின் குடிப்பது அதே டீசல். 2022 நெருக்கடியில் இலங்கையில் ஒரு லிட்டர் டீசல் ஆறே மாதத்தில் 121 ரூபாயிலிருந்து 460-க்குப் போனது. பஸ் ஓடாவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம், நடக்கலாம். தீவுக்காரர் என்ன செய்வார்?

1985 மே மாதம் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அந்த ஊர் அதே கடலில்தான் போய்வரவேண்டியிருந்தது.

நெடுந்தீவுப் படகில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, காலடியில் அரிசி மூட்டை, மடியில் பள்ளிச் சீருடையோடு தூங்கும் பேத்தி. பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள். “நேற்று போட்டை விட்டிட்டம் ஐயா. யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில தங்கவேண்டிப் போச்சு” என்றார். பஸ், ஓட்டோ, இரண்டு நாள் சாப்பாடு, போன வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று வாங்கிய பழம், அந்த அம்மா இழந்த இரண்டு நாள் கூலி. கண்ணாடியைவிட அதுதான் கூட என்றார். படகு டிக்கெட் அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டுமே. சிமெண்ட், காஸ் சிலிண்டர், கோழித்தீவனம், எல்லாமே தீவில் இறங்கும்போது இன்னொரு கூலியைச் சுமந்துகொண்டுதான் இறங்குகின்றன.

காரைநகரையும் ஊர்காவற்துறையையும் இணைக்கும் மிதவைக்கு அங்கே ‘பாதை’ என்றுதான் பெயர். அந்தப் பெயரிலேயே நியாயம் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசும் கடலைப் பாதையாகத்தான் கணக்கெடுத்தது: அதே தூரத்தைச் சாலையில் கடந்தால் என்ன செலவாகுமோ அதையொட்டியே கப்பல் கட்டணம், மீதி அரசுப் பணம். 2008-ல் மேற்குத் தீவுகளில் சோதனையாகத் தொடங்கி, 2015-க்குள் மேற்குக் கரைத் தடங்கள் முழுக்கக் கொண்டுவந்தார்கள். கட்டணம் இறங்கியதும் சுற்றுலாக் கார்கள் குவிந்து, தீவுக்காரர்களுக்கே இடம் கிடைக்காத தொல்லையும் வந்தது. நம் அந்தமானில் தீவுவாசிகளுக்கென்று தனிக் குறைந்த கட்டணம் இருக்கிறது. கடலைச் சாலையாகக் கணக்கெடுப்பது சலுகை ஆகாது. சாலை போட்டுக் கொடுத்த ஊர்களுக்கு என்ன செய்தோமோ அதே கடமைதான்.

இறங்குகிற நேரம் அந்த அம்மாவிடம் என் ஊர்க் கணக்கைச் சொன்னேன்: 37 கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

“கடைசி வண்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

ராத்திரி முழுக்க வண்டி உண்டு என்றேன். அரிசி மூட்டையைத் தூக்க வந்த கை அப்படியே நிற்க, என்னை நிமிர்ந்து பார்த்தார்.