காயலிலிருந்து வைகைக்கு

நுழையும்முன்
ஓர் உயிரினத்தின் இயல்பு வரமாவதும் சுமையாவதும் அது வாழும் இடத்தைப் பொறுத்தது. கடலோரக் காயலில் தோன்றிய மீனொன்று தேனி மாவட்டத்து நீர்நிலைகளில் நிலைபெற்ற வரலாறு இதனை உணர்த்துகிறது.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்நீர்த்தேக்கத்தில் பரிசலேறி வலை வீசும் மீனவர்க்குக் கட்லா, ரோகு, மிருகால் ஆகியவற்றுடன் ஜிலேபிக் கெண்டையும் கிடைக்கிறது. பெயரில் கெண்டை இருப்பினும் இது கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்ததன்று; சிக்லிட் குடும்பத்தைச் சார்ந்த மொசாம்பிக் திலாப்பியா ஆகும். தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் கழிமுகங்களும் காயல்களும் ஆறுகளுமே இதன் தாயகம். நெய்தல் நிலத்து மீன் மலையடிவாரத்து நன்னீரில் வாழ்வது எவ்வாறு?

காயல் தந்த வலிமை
மணல்திட்டால் கடலிலிருந்து பிரிந்து நிற்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பே காயல். மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகி அதன் உப்பு குறையும். கோடையில் நீர் ஆவியாகி உப்பு மிகும். இம்மாற்றத்தை நன்னீர் மீன்கள் பலவும் தாங்கா. ஜிலேபிக் கெண்டையோ தன் செவுள்களிலுள்ள தனிவகை உயிரணுக்களாலும் சிறுநீரகத்தாலும் உடலின் உப்பளவைச் சீராக்கிக் கொள்கிறது. நன்னீர், கடல்நீர் இரண்டிலும் இது வாழும், இனம் பெருக்கும். பாசி, மட்கு, மிதவை உயிரிகள், பூச்சிகள், பிற மீன்களின் முட்டைகள் என எதனையும் உண்ணும்.

வாயே தொட்டில்
ஆண்மீன் நீரடி மணலில் குழி பறித்துப் பெண்மீனை ஈர்க்கிறது. பெண்மீன் அங்கு முட்டையிட்டு, உடனே அவற்றை வாயில் ஏந்திக்கொள்கிறது. சில நாள்களில் அவ்வாயினுள்ளேயே முட்டைகள் பொரிகின்றன. ஏறத்தாழ இரண்டு வாரம் நீளும் இக்காப்புக் காலத்தில் தாய் பெரும்பாலும் உணவு கொள்வதில்லை. வெளிவந்த குஞ்சுகளும் ஆபத்து நேர்ந்தால் தாயின் வாய்க்குள் விரைந்து புகும். கெண்டை இனங்களைப் போல் இலட்சக்கணக்கில் முட்டையிடாவிடினும், இப்பேணுதலால் குஞ்சுகள் பல பிழைக்கின்றன. சில மாதங்களிலேயே அவையும் இனம்பெருக்கத் தொடங்குகின்றன.

தெரியுமா?
இந்தோனேசியாவின் சாவகத் தீவில் முஜாயிர் என்பவர் காயலொன்றில் இம்மீனைக் கண்டெடுத்து வளர்த்தார். அந்நாட்டில் அவர் பெயரே மீனுக்கும் வழங்குகிறது.

வருகையும் விளைவும்
எளியோர்க்குக் குறைந்த விலையில் புரதம் கிடைக்க வேண்டுமென்னும் நோக்கில், 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்திற்கு இம்மீன் கொண்டுவரப்பட்டது. பின்னர்க் குளங்களிலும் அணைகளிலும் பரவியது. நெருக்கமாகப் பெருகும் இடத்தில் இதன் வளர்ச்சி குன்றி, சிறு மீன்களே மிகுந்தன. இதனைப் பரப்புதல் 1959இல் தடைசெய்யப்பட்டது. அதற்குள் இது பல நீர்நிலைகளில் வேரூன்றிவிட்டது.

இன்றும் எளியோர் உணவாகவும் மீனவர் வருவாயாகவும் இம்மீன் விளங்குகிறது. அதன் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுரங்கவழி கடந்து 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்துவது முல்லைப் பெரியாற்று நீர். அந்தப் பெரியாற்று நீர்த்தேக்கத்திலும் இவ்வயல்மீன் புகுந்துள்ளது. உலகில் வேறெங்கும் காணப்படாத ‘லெப்பிடோபைகாப்சிசு டைப்பசு’ என்னும் மீன் அப்பகுதிக்கே உரியது. இத்தகைய மண்ணின் மீன்கள், உணவுக்கும் இடத்துக்கும் அயலினங்களுடன் போட்டியிட வேண்டியுள்ளது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த, தீங்கு மிக்க நூறு அயலினங்களின் பட்டியலில் ஜிலேபிக் கெண்டையும் உள்ளது.

இங்கு ஆதிக்கம் செலுத்தும் இம்மீன், தன் தாயகத்தில் அழிவை எதிர்நோக்குகிறது. அங்கு மனிதர் கொண்டுவந்த நைல் திலாப்பியாவுடன் கலப்புற்று, அதன் தூய மரபு மறைந்துவருகிறது. ஈரிடத்தும் பிழை மீனிடத்து இல்லை. விளைவறியாது இடம் மாற்றிய மனிதரிடத்தே உள்ளது. வளர்ப்புத் தொட்டியிலுள்ள மீனொன்றை ஊர்க் கண்மாயில் விடுமுன் இதனை எண்ணிப் பார்ப்போம். நீரில் விட்ட உயிரைத் திரும்பப் பெறுதல் அரிது.